கண்மையில் எழுதிய எண்

விளக்கு வைக்கிற நேரத்தில் யசோதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, தொட்டிலைப் பார்த்திருக்க வேண்டிய கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்தான் திருப்பியிருப்பார் என்று நினைத்தாள். கணவன் சீனு குவைத்தில் கார் ஓட்டுகிறான். அவன் விமானம் ஏறிய மூன்றாம் மாதம் பிறந்த மகளை இன்னும் கையில் ஏந்தியதில்லை. அதற்குத்தான் இந்தப் பாழாய்ப்போன கேமரா. அங்கிருந்தே செல்போனில் அதன் தலையைத் திருப்பித் திருப்பி மகளைப் பார்ப்பான். யசோதாவுக்கோ சொந்த வீட்டில் புடவை மாற்றக்கூட மறைவில்லை. போகட்டும், பிள்ளை முகத்தை அப்பன் பார்க்க வேண்டாமா?

வெளியே சென்னை ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, தாளித்த கடுகு வாசனையும் குழந்தையின் பால்வாசனையும் கலந்த அரையிருட்டில், கிர்ர்ரென்று கேமராவின் தலை மெல்ல நகர்ந்து அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. அவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாங்க, சும்மா திருப்பிக்கினே இருக்கீங்க?"

"நானா? மூணு நாளா அதைத் தொறக்கவே இல்லியே." சீனுவின் குரல் மாறியது. "பாஸ்வேர்டை யாருகிட்டனா சொன்னியா?"

சொல்லத்தான் வேண்டுமா? காஸ் புக்கிங் நம்பர், நர்ஸம்மா நம்பர் எழுதுகிற வழக்கத்தில், அதையும் குழந்தையின் கண்மைப் பென்சிலால் சுவிட்சுக்கு மேலே சுவரில் கொட்டை கொட்டையாக எழுதியல்லவா வைத்திருக்கிறாள்! மீட்டர் பார்க்க வந்த ஆள், தண்ணீர் கேன் போடுகிறவன், பிள்ளை பார்க்க வந்த சனமெல்லாம்... ஐயோ, எத்தனை கண் பட்டதோ! சுவரில் எழுதியதை அவனிடம் மென்று விழுங்கிச் சொன்னாள்.

"அடிப் பைத்தியமே, தொடை அதை! நான் புது நம்பர் வைக்கறேன். உனுக்குக்கூட சொல்லமாட்டேன்."

கதவைத் தாழிட்டாள். ஈரத்துணியால் சுவரை அழுத்தித் துடைத்தாள். மை கரைந்து வழிந்தது. "மாத்திட்டேன்" என்றான் சீனு. அப்பாடா என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமி படத்துக்கு விளக்கேற்றத் திரும்பினாள்.

கிர்ர்ர்.

"நீங்களாங்க?"

"இல்லடி. நம்பர் மாத்துனதோட சரி, கேமராவை இன்னும் தொறக்கல."

கேமரா மறுபடி சுவரைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். ஈரம் காயாத சுவர். அதில் எண்கள். கறுப்பாக. பென்சிலால் அல்ல. விரலால்.

"ஏங்க... நாலு, ஒண்ணு, ஏழு, ஒம்போதா?"



"உனுக்கு யாரு சொன்னா?"

தொட்டிலுக்கு ஓடினாள். குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. காலையில் அவள் கண்மையால் அப்பிவைத்த திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் காணோம். அந்த இடத்தில் ஒரு விரல் வழித்தெடுத்த தடம். காது வரைக்கும். நீளமான விரல்.