இருட்டில் நீண்ட நூல்

மூளைப் பவளத்தை ஏதோ ஒன்று அரித்துக்கொண்டிருந்தது.

முந்தாநாள் நகக்கண் அளவு இருந்த வெள்ளைத் திட்டு, இன்று ஒரு பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் பச்சைத் தோல் போய், எலும்பு போன்ற கல் தெரிந்தது.

வாண்டு வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பார்க்கக் கல்லாக இருந்தாலும் பவளம் உயிருள்ள பிராணி என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாம் அந்த நண்டோட வேலை. காலைல கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன்," என்றார் அப்பா.

"அது பாசியைத்தானேப்பா தின்னும்?"

"அது முழிக்கிற முழியே சரியில்லை!"

நண்டு பாறை இடுக்கிலிருந்து ஒற்றைக் கண்ணை நீட்டியது. அக்கா அதற்குத் 'திருட்டு முழி' என்று பெயர் வைத்ததே வினையாகிவிட்டது. முழி அப்படி இருந்தால் அது என்ன செய்யும், பாவம்!

மாலை ஏழு மணிக்குத் தொட்டி விளக்கு தானாக அணைந்தது. வாண்டு அறை விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு காவல் உட்கார்ந்தாள். உண்மையான திருடன் யார் என்று இன்றே தெரிந்தாக வேண்டும்.

டொக். டொக். டொக்.

சட்டென்று டார்ச்சை அடித்தாள். நண்டு தொட்டியின் அடுத்த மூலையில் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பவளத்தின் அருகே, மெல்லிய ஏதோ ஒன்று சுருண்டு மறைந்தது.

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"அக்கா! தொட்டிக்குள்ள வேற ஏதோ இருக்கு!"

"உப்புத் தண்ணில ஊறின பேயா இருக்கும். நான் கேட்டேன்னு சொல்லு," என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

அதற்கு வெளிச்சம் பிடிக்கவில்லை என்று வாண்டுவுக்குத் தோன்றியது. வெளிச்சம் மங்கட்டும் என்று, கைவேலைப் பெட்டியிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து, டார்ச்சின் வாயில் மடித்துக் கட்டினாள். கால் மரத்துப்போகும்வரை இருட்டில் காத்திருந்தாள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு மெதுவாக டார்ச்சைத் தூக்கினாள்.

சிவப்பு வெளிச்சத்தில், பக்கத்திலிருந்த நட்சத்திரப் பவளத்திலிருந்து நூல்கள் நீண்டிருந்தன. முடியைப் போல மெல்லிய நூல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அவை தண்ணீரில் துழாவித் துழாவி வந்து, மூளைப் பவளத்தைத் தடவின. வெள்ளைத் திட்டு இருந்த அதே இடத்தில்.

பகலில் பூங்கொத்து மாதிரி இருப்பதா இது!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை அங்கே வைக்கச் சொன்னதே அவள்தான்.

"அப்பா..." அழுகை முட்டியது. "நண்டு இல்லப்பா. நான்தான். தனியா இருந்தா பாவம்னு, ரெண்டையும் ஒட்டி வைக்கச் சொன்னேன்ல?"

அப்பா குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா! இது கொட்டுது பாரு. தன் இடத்துக்கு யாரும் வரக்கூடாதாம்." அவள் தலையைக் கோதினார். "நீ சொன்னே, சரி. வெச்சது என் கைதானே? எனக்குல்ல தோணியிருக்கணும்."

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக நீளமான நூலைக் கண்ணாடிமேல் விரலால் அளந்தாள். "என் விரல் நீளம் வருதுப்பா. ஒரு சாண் தள்ளி வெச்சா எட்டாது."

அப்பா கையுறை போட்டுக்கொண்டு, நட்சத்திரப் பவளத்தை அடுத்த பாறைக்கு மாற்றினார். நண்டிடம், "மன்னிச்சுக்கோ சாமி," என்றார். அது அப்போதும் திருட்டு முழிதான் முழித்தது.

திட்டு அதற்குமேல் பரவவில்லை. மூன்றாம் வாரம், அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு மெல்லிய கோடு எட்டிப் பார்த்தது. வாண்டு துள்ளிக் குதித்தாள்.

அன்று படுக்கும்போது, அக்கா வழக்கம்போலக் காலைத் தூக்கி அவள்மேல் போட்டாள்.

"ஒரு சாண் தள்ளிப் படுக்கா," என்றாள் வாண்டு.

தொட்டியிலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக்.