மூன்று விசிறி வைத்த அட்டை

புதுக்குலசையில் காலை ஆறு மணிக்கு விளக்கு போட்டதும் ஊரே காதைத் தட்டிக்கொள்ளும். பல் தேய்ப்பது, வாய் கொப்பளிப்பது எல்லாம் அப்புறம்தான். வலது காதுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற விசிறியைச் சின்னத் தூரிகையால் துடைத்து, இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி மாட்ட வேண்டும். அந்த அரை நிமிடம் கண் அடியோடு தெரியாது. வீட்டுக்கு வீடு புருஷனும் பெண்டாட்டியும் இருட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்து, "தண்ணி விட்டாச்சா?", "இன்னும் இல்ல" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது.

நிலவின் தென்முனையில், பாறையைக் குடைந்து கட்டிய குடியிருப்பு அது. எழுநூறு பேர். முக்கால்வாசி தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். நிலவில் ஏழெட்டு வருடம் இருந்தால் விண்கதிர் விழித்திரையைத் தின்றுவிடும். ஆகவே எல்லோருக்கும் கண்ணுக்குள் ஒரு வில்லை, காதுக்குப் பின்னால் ஒரு காட்சி அட்டை. வில்லை வெளிச்சத்தை வாங்கும். அட்டை அதைப் படமாக வரைந்து மூளை நரம்புக்குக் கொடுக்கும். நொடிக்கு நூறு படம் வரைந்தால் சூடாகாமல் என்ன செய்யும்? அதற்குத்தான் விசிறி.

பிரமநாயகத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. காற்றுக்குழாய் மேற்பார்வை வேலை. பதினாறு வருடமாக அதே குழாய், அதே அடைப்பு, அதே தூசி. வேலை முடிந்து வந்தால் நாற்காலியில் சாய்ந்து, கண்ணுக்குள்ளேயே ஏதாவது படத்தை ஓடவிட்டுக்கொண்டு கிடப்பார். அவர் மனைவி ஆவுடையம்மாள் பொதுச் சமையல்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் தட்டு வைப்பாள். அவர் சாப்பிடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கெட்டவர் இல்லை, பாவம், அலுத்துப் போன மனுஷன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து வீட்டு எஸ்தர் அவரிடம் சொன்னாள்: "ஆவுடையக்கா முடிய வெட்டினதுல இருந்து பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காவ, என்ன அண்ணாச்சி?"

"எந்த முடி?" என்றார் பிரமநாயகம்.

எஸ்தர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆவுடைக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அன்று காலையில்கூட அவள் கொண்டை போட்டிருந்ததாகத்தான் அவருக்கு நினைப்பு. வீட்டுக்கு ஓடினார். கழுத்து தெரிய வெட்டிய முடியோடு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எப்ப வெட்டுன?"

"முப்பத்தோரு நாளாச்சு. குளிக்கிற தண்ணிய பாதியாக் குறைச்சாங்கல்லா, அன்னைக்கு."

"நீ சொல்லவே இல்லையே!"

"ஒத்த வீட்டுல இருக்கோம். இதையுமா வாயத் தொறந்து சொல்லணும்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "பாக்காத மனுசன் கூட இருந்து இருந்து ஓஞ்சு போச்சுங்க. சண்ட போடத் தெம்பு இல்ல. அடுத்த மாசக் கப்பல்ல எடம் சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

பிரமநாயகம் ஆடிப்போனார். மனைவி இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அப்புறம் மனித புத்தி எங்கே போகுமோ அங்கே போயிற்று. குற்றம் எங்கே என்று தேடி, காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"இது என் தப்பு இல்லட்டி. அட்டைக் கோளாறு!"

அப்படி ஒரு பேச்சு ஊரில் இருக்கத்தான் செய்தது. பழம்படக் கோளாறு என்பார்கள். பழைய அட்டைகள் சோம்பேறித்தனத்தில், தினமும் கண்ணில் படுகிற பொருளைப் புதிதாக வரையாமல், என்றைக்கோ வரைந்த பழைய படத்தையே எடுத்துக் காட்டிவிடுமாம். அவருடையது ஒன்பதாம் மாடல், எட்டு வருடப் பழசு. வருகிற கப்பலில் பத்தாம் மாடல் வருவதாக அறிவித்திருந்தார்கள்.

ஆவுடையம்மாள் நம்பினாளோ இல்லையோ, ஒரு தவணை கொடுத்தாள். "கப்பல் வந்து ஆறு நாள் நிக்கும். அதுக்குள்ள புதுசப் போட்டுட்டு வந்து என்னப் பாருங்க. பாத்தா, இருக்கேன்."

இங்கேதான் வந்தது வினை. பத்தாம் மாடல் இரண்டு விதமாக வருவதாக இருந்தது. உள்ளே இருக்கிற கணினிச் சில்லைச் செய்த நிறுவனம் தானே முழு அட்டையாகச் செய்து விற்பது மூல வடிவம்: ஒற்றை விசிறி, கறுப்புக் கூடு, பார்க்க ஒன்றுமில்லை. அதே சில்லை வாங்கி வேறு நிறுவனங்கள் தங்கள் கைவரிசையைக் காட்டிச் செய்வது தனி வடிவம்: மூன்று விசிறி, அகலமான கூடு, வேகத்தைச் சற்று முடுக்கிவிட்டிருப்பார்கள். விளிம்பில் நிறம் மாறும் விளக்கு வேறு. காதுக்குப் பின்னால் எரிகிற விளக்கை மாட்டிக்கொண்டவன் எப்படிப் பார்ப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதை வாங்குவது? தப்பாக வாங்கிவிட்டால் ஆவுடை போய்விடுவாள். பிரமநாயகம் கச்சை கட்டிக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். பூமியில் ஒப்பீட்டாளர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். அத்தனையையும் பார்த்தார். ஒருவர் மூல வடிவத்தில் நிழல் சுத்தமாக இருக்கிறது என்றார். இன்னொருவர் அதே நிழலைக் காட்டி அழுக்கு என்றார். மூன்றாவது ஆள் ஒரு கொய்யாப்பழத்தை இரண்டு அட்டையாலும் வரைய வைத்துக் காட்டினார். பத்தாம் மாடலின் அந்தக் கொய்யாப்பழங்களைத் தன் ஒன்பதாம் மாடல் வழியாகப் பார்த்து, பிரமநாயகம் வித்தியாசம் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார்!

ஆவுடை தட்டு வைத்தாள். சாப்பிட்டபடியே பார்த்தார். ஒருநாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, "எனக்கு கை சுட்டுடுச்சுங்க" என்றாள். "ஒரு நிமிசம் பொறுட்டி, இவன் சூட்டைப் பத்தித்தான் சொல்லுதான். மூணு விசிறின்னா நாலு டிகிரி குறையுதாம்" என்றார். அவள் எழுந்துபோய்க் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள்.

கப்பல் வந்தது. முதல் நாள் மூல வடிவம் என்று முடிவு செய்தார். இரண்டாம் நாள் தனி வடிவம். மூன்றாம் நாள் புதிதாக ஒரு ஒப்பீடு வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. ஐந்தாம் நாள், இரண்டு விதத்துக்கும் பெயர் பதிந்துவிட்டு, தலைவலியோடு அட்டை பொருத்தும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். புறப்படும்போது ஆவுடை பெட்டி கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

மையத்தில் இருந்தவர் மீரான், காயல்பட்டினத்துக்காரர். காலையிலிருந்து இருபது காதுகளைப் பார்த்து அவரும் களைத்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. மூல வடிவமா, தனி வடிவமா?"

"முதல்ல இதைக் கழட்டும். இந்தச் சனியனாலதான் எனக்கு இவ்வளவும். பொண்டாட்டி முகத்துல பழைய படத்தை ஒட்டி ஏமாத்திட்டு இருக்கு."

மீரான் அட்டையைக் கழற்றினார். பிரமநாயகத்துக்கு உலகம் அணைந்தது. சோதனைப் பெட்டியில் அட்டையைச் செருகும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, இதுல ஒரு குத்தமும் இல்லையே" என்றது மீரானின் குரல்.

"பழம்படக் கோளாறு?"

"அப்படி ஒண்ணு எந்த மாடல்லயும் கிடையாது. பழைய படத்தைச் சேத்து வைக்க இதுல எடமே இல்ல. யாரோ கிளப்பிவிட்டது. இது செய்யுற வேலை வேற. நீங்க எங்க பாக்கியளோ அந்த எடத்த மட்டும் தீர வரையும். பாக்காத எடத்துல ஒப்புக்கு ரெண்டு கோடு இழுத்திட்டுப் போயிரும். எல்லா அட்டையும் அப்படித்தான், சூட்டுக்குப் பயந்து."

"அப்ப, என் வீட்டுக்காரி..."

"நீங்க எதை எதைப் பாத்தியன்னு இதுல கணக்கு இருக்கு. வாசிக்கவா?" மீரான் வாசித்தார். அவருக்கு இது இருபத்தோராவது காது. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "போன முப்பது நாள். அட்டை ஒப்பீடு, நூத்து நாப்பத்தொரு மணி நேரம். காத்துக்குழாய், நூத்து எழுவது மணி நேரம். உங்க வீட்டம்மா, ஆறு நிமிசம். அதுலயும் நாலு நிமிசம் தட்டு வைக்கிற கை."

இருட்டில் பிரமநாயகம் ஆவுடையின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கல்யாணத்தன்று இருந்த முகம் வந்தது. கப்பல் ஏறியபோது இருந்த முகம் வந்தது. இப்போது வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாளே, அந்த முகம் வரவே இல்லை. அதற்குப் பதில் ஒற்றை விசிறியும் மூன்று விசிறியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, துல்லியமாக. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கையில் சூடுபட்டது என்று அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, எந்தக் கை?

"என்ன அண்ணாச்சி, எதைப் போட?"

"பழசையே மாட்டும்."

"நெசமாவா? வெளிய ஆளுக அடிச்சுக்கிடுதாங்க."

"மாட்டும்யா, சீக்கிரம். நான் வீட்டுக்குப் போகணும்."

மீரான் தோளைக் குலுக்கினார். "விசிறியில மட்டும் ஒரு இறக்கை உடைஞ்சிருக்கு. தனி வடிவத்து மூணு விசிறிக் கூடு ஒண்ணு உதிரியாக் கிடக்கு, அதுல வச்சுத் தாரேன். சத்தம் குறையும், அவ்வளவுதான்."

ஆவுடையம்மாள் கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பிரமநாயகம் வாசலிலேயே நின்று பார்த்தார். ஒன்பதாம் மாடல் தன் வேலையைச் செய்தது. கழுத்தோடு நின்ற முடி, காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, முன்பைவிட ஒட்டிய கன்னம். வலது மணிக்கட்டில் இன்னும் சிவந்த தழும்பு. இவ்வளவு சோர்ந்து போயிருக்கிறாளே!

"வலது கை" என்றார்.

"என்னது?"

"சுட்டுச்சுன்னு சொன்னியே. வலது கைதான். மருந்து போட்டியா?" கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மெலிஞ்சுட்ட ஆவுடை."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் மூன்று விசிறி சுற்றுவதைக் கண்டாள். "புது அட்டை நல்லாத்தான் இருக்கு போல."

பொய் சொல்லிவிடலாம். ஒரு நொடி அவருக்கு அது தோன்றத்தான் செய்தது. "புதுசு இல்லட்டி. கூடு மட்டும்தான் வேற. அட்டையில ஒரு கோளாறும் இல்லையாம். நான்தான் பாக்கல. நூத்து நாப்பது மணி நேரம் அந்த வெளங்காத அட்டையப் பாத்திருக்கேன், உன்ன ஆறு நிமிசம். மீரான் வாசிச்சுக் காட்டுனாரு."

ஆவுடையம்மாள் அழுவாள் என்று நினைத்தார். அவள் பெருமூச்சு விட்டாள். "ஆறு நிமிசமா? நான் அவ்வளவுகூட இருக்கும்னு நெனைக்கல" என்றாள். பிறகு பெட்டியிலிருந்து எழுந்து, "அடுத்த கப்பலுக்கு ஆறு மாசம் இருக்கு. பாப்போம்" என்று சொல்லி, பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பிரமநாயகம் பொறுப்பல்ல. மறுநாள் சமையல்கூடத்தில் எஸ்தர் கேட்டதற்கு, "இப்பல்லாம் பாக்காரு" என்று மட்டும்தான் ஆவுடை சொன்னாள். எஸ்தர் நேரே அவர் காதுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், மூன்று விசிறி. பிறகு கேட்கவா வேண்டும்! சாயங்காலத்துக்குள் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மையத்தின் முன்னால் நின்றார்கள். கப்பலில் வந்த தனி வடிவம் அத்தனையும் தீர்ந்தது. மிச்சம் கிடந்த மூல வடிவம் பெட்டி பிரிக்காமல் திரும்பிப் போனது.

ஒரு மாதம் போயிருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் பிரமநாயகமும் ஆவுடையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி இது? எங்க வீட்டுக்காரருக்கும் அதே அட்டையத்தான் மாட்டிவிட்டேன். அன்னையில இருந்து விளக்கு நிறத்த மாத்திக்கிட்டே உக்காந்திருக்காரு. கண்ணாடிய முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வச்சுப் பாக்காரு. நான் ஒருத்தி நிக்கேன், அது தெரியல."

பிரமநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார்: தான் புதிய அட்டை போடவே இல்லை, உள்ளே இருப்பது எட்டு வருடப் பழைய ஒன்பதாம் மாடல், கணக்கை வாசித்துக் கேட்ட பிறகுதான் புத்தி வந்தது, அட்டையில் ஒன்றுமே இல்லை, பார்க்கிற ஆள்தான் பார்க்க வேண்டும். ஆவுடையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

எஸ்தர் வாயைப் பிளந்து கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. கடைசியில் எட்டிக் குனிந்து, மற்ற மேசைக்குக் கேட்காதபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒன்பதாம் மாடலா? அதை முன்னாலேயே சொல்லப்படாதா அண்ணாச்சி? இப்ப அது எங்க கிடைக்கும்? அதுலயும் மூல வடிவம், தனி வடிவம்னு ரெண்டு உண்டுல்லா, உங்களுது எது?"