மாவுக்கட்டு

அரிப்பு நின்றுவிட்டது.

தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுக்குள் கிடந்த இடது கால் ஐந்து வாரமாக ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை பிற்பகல், கூடத்து மின்விசிறியின் கரகரப்பைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லாத நேரத்தில், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் அது அடங்கியது. பெரியவர் இரண்டு நிமிடம் அந்த சுகத்தை அனுபவித்தார். மூன்றாவது நிமிடம்தான், அடங்கிப்போன இன்னொன்றும் காதில் உறைத்தது. கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியில் சுவர்க்கோழிகள் கத்தவில்லை.

அறை அவருடையதல்ல, மருமகனின் பல்லியுடையது. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், ஒரு சாண் நீளம், பெயர் துரை. அதற்குக் கண்ணாடி வீடு, சூட்டு விளக்கு, வேளா வேளைக்குத் தண்ணீர்த் தெளிப்பு, இரைக்கு ஒரு பெட்டி நிறையச் சுவர்க்கோழிகள். குளியலறையில் வழுக்கி விழுந்த மாமனாருக்கு அதன் பக்கத்தில் ஒரு கட்டில் போட இடம் கொடுத்ததைத் தன் பெருந்தன்மை என்றே மருமகன் நம்பினார். காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர். தண்ணீர் குடிப்பதையும் மூன்று படிகளில் விளக்கக்கூடியவர்.

"மாமா, பூச்சிங்கிறது வெறும் பை. பைக்குள்ள என்ன போட்டு அனுப்புறமோ அதுதான் துரைக்குப் போய்ச் சேரும். பட்டினிப் பூச்சியக் குடுத்தா வெறும் பையத்தான் குடுக்கறோம்."

பெரியவர் முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இந்த மாதிரி வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் போட்டு அனுப்பிவிடுவது வழக்கம். "ஆகட்டும் மாப்பிள்ளை" என்றார். சும்மா படுத்திருந்த மனிதருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. காலையில் பூச்சிகளுக்குக் கேரட் துருவல், கீரை. மதியம் சத்துமாவு: கடலை, ஓட்ஸ், காய்ந்த மீன், சுண்ணாம்புச்சத்து எல்லாம் சேர்த்து அரைத்தது.

"மாவு மட்டும் குறையவே கூடாது மாமா. புரதம் கம்மியானா ஒண்ணையொண்ணு தின்ன ஆரம்பிச்சிடும். கிடைக்கிற சதையத் தின்னும்."

"எங்க ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லுங்க."

மருமகன் சிரிக்கவில்லை. பயிற்சி நேரத்தில் அவர் சிரிப்பதில்லை.

தூவ வசதியாக இருக்குமென்று மருமகன் அந்த மாவைக் காலியான முகப்பவுடர் டப்பாவில் நிரப்பி வைத்திருந்தார். அப்பாவின் அரிப்புக்கென்று மகள் அதே கம்பெனிப் பவுடர் டப்பா ஒன்றை அதே ஸ்டூலில் வைத்திருந்தாள். எது எதுவென்று மருமகன் மூன்று படிகளில் விளக்கியிருந்தார். பெரியவருக்கு முதல் படிதான் நினைவில் நின்றது. தினமும் பெட்டிக்குள் ஒரு டப்பாவைத் தட்டினார். காகிதத்தைப் புனல்போல் சுருட்டி, மற்றதைத் தொடையோரம் கட்டுக்குள் கொட்டினார். அரிப்பு குறையாததால் இன்னும் கொஞ்சம் கொட்டினார். வாசனை பார்த்திருக்கலாம்தான். அச்சு மையில் ஊறிய அந்த மூக்கு எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டது.

வருகிற திங்கட்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தன் வீட்டுக்கு, தன் காலால் நடந்தே போய்விடுவதாக முடிவு. துணிப்பையைக்கூடக் கட்டி வைத்தாயிற்று.

இப்போது அவர் பெட்டியை மடிக்கு இழுத்துப் பார்த்தார். மூடியின் ஒரு மூலை சரியாக அழுந்தியிருக்கவில்லை. படுத்தவாக்கில் ஒற்றைக் கையால் அழுத்தினால் அவ்வளவுதான் அழுந்தும். உள்ளே ஏழெட்டுச் சுவர்க்கோழிகள், வெள்ளைப் பொடி பூத்து, மல்லாந்து செத்துக் கிடந்தன. நூறு இருந்த பெட்டி. துரை பத்து நாளாகப் பூச்சியைக் கண்டு ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பதும் புரிந்தது. அந்தப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

முகப்பவுடர்.

மற்ற டப்பாவைத் தட்டி, அதையும் நாக்கில் வைத்தார். கடலை. மீன்.

தொடையோரம் மாவுக்கட்டின் வாயைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள் மகள்.

"பூச்சியெல்லாம் மாவுக்குள்ள போயிடுச்சும்மா."

"போகட்டும்பா. அதுக்குத்தானே மாவு."

"அந்த மாவு இல்லம்மா. இது கால்ல..."

"கால் கிலோ போதுமா? அரைக் கிலோவாவே வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"கால்மா. என் கால்."

"உங்களுக்கும் கால் கிலோவா? அப்பா, நீங்க அந்த மாவையெல்லாம் சாப்பிடாதீங்க. அது பூச்சிக்கு."

வைத்துவிட்டாள். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. திருத்துவதற்கு எதுவுமே இல்லை.

மறுபடி அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மருமகனின் கைபேசி அணைந்திருந்தது, வகுப்பெடுக்கிறார் போலும். வாசல் வெளியே பூட்டியிருந்தது. ஊன்றுகோல்கள், காலையில் பெருக்கும்போது சாய்த்து வைத்தபடி, எதிர்ச் சுவரில் நின்றன. பத்தடி தூரம்.

விரல் மடக்கி மாவுக்கட்டைத் தட்டினார். தொடையில் தட்டினால் கனத்த சத்தம், தண்ணீர்க் குடத்தைத் தட்டியதுபோல. முழங்காலிலும் அப்படித்தான். கொஞ்சம் கீழே, கெண்டைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் எட்டித் தட்டினார்.

டொக்.

காலிக் குடம்.

இன்னொரு முறை தட்டினார். உள்ளிருந்து லேசாக ஒரு சரசரப்பு. ஈர மணலைக் கையால் தள்ளுவதுபோல. அது மேலே நகர்ந்தது. நின்றது.

கட்டுக்கு வெளியே ஐந்து கால்விரல்கள் தெரிந்தன. பெருவிரலை அசைக்க நினைத்தார். அசையவில்லை. வலியும் இல்லை. வலி இருந்தால் தேவலை என்று இருந்தது. இடுப்பைத் தூக்கி உருளப் பார்த்தார். கட்டு கட்டிலோடு தைத்ததுபோலக் கிடந்தது. கத்தினார். மின்விசிறி பதில் சொன்னது.

கண்ணாடி உராயும் ஓசை.

தண்ணீர் தெளித்த அவசரத்தில் மருமகன் கண்ணாடிக் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தபடி விட்டுப் போயிருந்தார். துரை வெளியே வந்திருந்தது. விளிம்பில் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு மேசை, நாற்காலிக் கை, போர்வை. அவசரமில்லாமல், ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து.

"வேணாம் துரை," என்றார் பெரியவர். அதிகாரியிடம் விடுப்பு கேட்கும் குரல்.

அது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்விரல்களிடம் போய் உட்கார்ந்தது.

பெருவிரல் நகம் மெல்ல எழும்பியது. மூடி போல. அடியிலிருந்து மயிரிழை மாதிரி இரண்டு உணர்கொம்புகள் வெளியே வந்து காற்றைத் துழாவின. அதன்பின் இரண்டு. அதன்பின் எண்ண முடியவில்லை.

உடனே, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, எல்லாச் சுவர்க்கோழிகளும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. மாவுக்கட்டு அதிர்ந்தது. கட்டில் அதிர்ந்தது. அந்த அதிர்வு மேலே ஏறி, இன்னும் உணர்ச்சி மிச்சமிருந்த தொடைக்கு வந்தது.

அங்கே மறுபடி அரிக்க ஆரம்பித்தது.

துரை நாக்கால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது. வால் நுனி படபடத்தது. பத்து நாள் பசி. வாயைத் திறந்து, நகம் எழும்பிய இடத்தில், தலையைத் தோள்வரை உள்ளே விட்டது.