இடது பிராக்கெட்

எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் கள்ளிக்குப்பத்தில் நாலு வீட்டுக்காவது தெரியும். அந்த மார்கழி விடியலில் சம்பத்தின் கை தவறி விழுந்த டம்ளர், ஈரத்துணி விழுந்ததுபோல் ‘பொத்’ என்றது. உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது. மறுபடியும் பொத். எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தான். பொத். டம்ளரைப் பார்த்துப் பயந்த முதல் ஆம்பளை தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனுக்கு ஒரு லேத் பட்டறை. நாற்பது வருடப் பழைய குட்டி விமானம் ஒன்றை மறுபடி பறக்கவைக்கப்போகிறேன் என்று, ரிடையரான விமான மெக்கானிக் அப்பாவு அங்கே வந்தார். இறக்கையைத் தாங்கும் கம்பி, விமானத்தின் உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு பிராக்கெட். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று, இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. அதைச் செய்த சீமைக் கம்பெனியை எப்போதோ மூடியாயிற்று. துருப்பிடித்த பழைய பிராக்கெட்டை சாம்பிளாக வைத்துக்கொண்டு சம்பத் ஆறு வாரம் உழைத்தான். கடைசியில், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது, இரண்டாவதில், இடதுக்கானதில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். மறுநாள் அப்பாவு வருகிறார். விரிசலின்மேல் வெல்டு வைத்து, அரத்தால் ராவி, இரண்டுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டான்.

அப்பாவு இரும்பைக் கண்ணால் நம்புகிறவர் இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் தட்டி, காதால் கேட்பார். நல்ல இரும்பு மணிபோல் இழுத்துப் பாடும். விரிசல் விட்டது பொத்தென்று நின்றுவிடும். முதல் பிராக்கெட் பாடியது. அவர் டீயை ஆற்றத் திரும்பிய நேரத்தில், சம்பத் அதே பிராக்கெட்டை மறுபடி நூலில் கட்டினான். அதுவும் பாடியது. பாடாமல் என்ன செய்யும்.

“ஒரே வவுத்துல பொறந்த ரெட்டப் புள்ளிங்க மாதிரி கீதுடா,” என்றார் அப்பாவு. “சீமக்காரன் தோத்தான்.”

இன்று காலை ஏழு மணிக்கு விமானம் ஏறுகிறது. பைலட்டுக்குப் பின்சீட்டில் அப்பாவு.

“இன்னா, டம்ளர ஒடச்சிட்டியா?” வனஜா பட்டுப்புடவையில் வந்து நின்றாள். “கெளம்பு. கொழாயாண்ட அல்லார்க்கும் சொல்ட்டேன், என் ஊட்டுக்காரரு பிளேன் செஞ்சாருன்னு.”

“பிளேன் இல்ல. ரெண்டு பார்ட்டு.”

“பார்ட்டுன்னா எவளுக்குப் புரியும்?”

போனதும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டுதான் சைக்கிளை எடுத்தான். பனி, தெருவிளக்குகளைப் பஞ்சில் பொதிந்துவைத்திருந்தது. எதிரே நாய். பெல்லை அழுத்தினான், பொத் என்றது. பால்காரரின் கேன்கள் ஒன்றோடொன்று மோதின, பொத், பொத். அம்மன் கோயிலில் யாரோ கை வலிக்க மணி அடித்துக்கொண்டிருந்தார்கள்; ஈரமண்ணில் கடப்பாரை இறங்குவதுபோல் கேட்டது. எரிந்த எண்ணெயின் வாடை, விமானம் நிற்கிற வெள்ளானூர்வரை கூடவே வந்தது. பின்னால் கேரியரில் வனஜா கையை அசைக்கும்போதெல்லாம் அவன் முதுகில் கண்ணாடி வளையல்கள் உரசின.

பொத். பொத்.

“வளையல் சத்தம் கேக்குதா?” என்றான்.

“கேக்காம? புது வளையலு.”

பழைய ஓடுபாதையில், பனிக்குள் பச்சையாக நின்றது விமானம். பைலட் உள்ளே உட்கார்ந்திருந்தார். அப்பாவு புதுச்சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார்.

“நைனா,” என்றான் சம்பத். “அந்த எடது பக்கம்...”

“எடதுக்கு இன்னாடா? ரெண்டையும் தட்டிப் பாத்துட்டுதான மாட்டுனேன்.” அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “சார், இவந்தான். சீமக்காரனத் தோக்கடிச்சவன்.”

பைலட் குனிந்து கையை நீட்டினார். சம்பத் குலுக்கினான். வனஜா, யாரோ போட்டோ எடுப்பதுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சொல்ல வந்தது நாக்குநுனியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். விழுங்கினான்.

“ஒண்ணுமில்ல நைனா. எடது பக்கம் பெயின்ட்டு சரியா காயல.”

“மேல போனா காஞ்சிரும்.”

அப்பாவு ஏறி உட்கார்ந்தார். வார்ப்பட்டையை இறுக்கினார். “இந்த பாடியும் ஃபிட்டு மாமே,” என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

பொத்.

நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

அப்பாவு சிரித்தார். விபூதிக்கு நடுவே ஒரு கோடு. தலைமுடி கனம். சற்றுமுன் அது இல்லை. மூக்கு வழியே இறங்கியது. உதட்டைத் தாண்டியது. மோவாய். கழுத்து.

இஞ்சின் பிடித்தது. விசிறி சுற்றியது. உறுமல் இல்லை. பொத். பொத். பொத்.

வனஜா கைதட்டினாள். பொத்.

இன்னும் கத்தலாம். ஓடிப்போய் மறிக்கலாம். பத்தடிதான். ஒரே வார்த்தைதான்.

வனஜா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் உருண்டது. கோடு அகன்றது. உள்ளே ரத்தம் இல்லை. சாம்பல் நிறத்தில், ராவிய வெல்டு. பளபளப்பு. அவன் கை வேலை.

அப்பாவு ஜன்னல் வழியே கையாட்டினார்.

சம்பத்தும் கையை ஆட்டினான்.

சக்கரங்கள் தரையை விட்டன. பனிக்குமேல், ஜன்னலில், நடுவே பிளந்து விலகிக்கொண்டிருந்த அந்த முகத்தின் இரண்டு பாதிகளும் அவனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.