முதல் ஸ்லாட்: நலம்

டா நாங் நகரில் மழைக்காலம் பிடித்துக்கொண்டால் துணி மட்டுமல்ல, ஆட்களும் காய்வதில்லை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், ரெயின்கோட்டோடு சொட்டச் சொட்ட வந்து நின்ற சாங்கை, ஸ்டுடியோ கதவைத் திறந்த லியூ அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா, பைக்ல வந்தியா, ஆத்துல நீந்தி வந்தியா?"

"இன்னைக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க்கா."

சாங் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். லியூவின் கணவர் துவான் கல்யாணப் போட்டோக்காரர். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, வெளிச்சத்துக்குத் தள்ளி நில்லு என்று கையாலேயே ஆட்களை நகர்த்துவார். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஐஸ் போட்ட கறுப்புக் காபி. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன காபியை இனிமேல் அவர் தாராளமாகக் குடிக்கலாம்.

"புதுப் படம் எதுவுமே ஏற மாட்டேங்குதுடா. அந்த மெஷினுக்கு என்னன்னு பாரு."

படங்களைச் சேமிக்கும் மெஷின் பின்னறையில் இருந்தது. அதில் டிஸ்க் செருக இரண்டு ஸ்லாட்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். தெருவில் பாதிப் பேரின் கல்யாணம் அதற்குள் இருந்தது. வேண்டியவர்களுக்குக் காசு வாங்காமல் எடுத்த படங்களைத் துவான் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தார். முதலில் அவருடைய சொந்தக் கல்யாணம், கடைசியில் சாங்கின் மகள் பிறந்து ஒரு மாதம் நிறைந்த விழா. அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. கொழுகொழுவென்று இருந்ததால் எல்லோருக்கும் அவள் 'மீத்', அதாவது பலாப்பழம்.

சாங் குனிந்து பார்த்தான். முதல் ஸ்லாட் பல் விழுந்த வாய் மாதிரி காலியாக இருந்தது.

"அக்கா, இங்க இருந்த டிஸ்க் எங்க?"

"அவர்கூட வச்சுட்டேன்."

"எங்க வச்சீங்க?"

"சவப்பெட்டிலடா. தொப்பி, சிகரெட்டு, அந்த டிஸ்க்கு. அவர் உசுரே அதுலதானே இருந்துச்சு."

"மெஷின் ஓடிட்டு இருக்கும்போதேவா உருவுனீங்க?"

"பின்னே? அவரை எழுப்பி பாஸ்வேர்ட் கேக்கச் சொல்றியா?"

சாங் சிரித்துவிட்டான். விஷயம் சின்னதுதான். மென்பொருள் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எந்த ஸ்லாட்டில் யார் என்று ஒரு தடவை மனப்பாடம் செய்துகொண்டு, அதையே ஒப்பித்துக்கொண்டிருக்கும். தலையைத் தூக்கிப் பார்க்காமல் வருகைப் பதிவு எடுக்கும் பேராசிரியர் மாதிரி. போனவர் போய்விட்டார் என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

திரையும் அப்படித்தான் ஒப்பித்தது.

முதல் ஸ்லாட்: நலம். இரண்டாம் ஸ்லாட்: நலம்.

"நல்லாக் கண்ணைத் தொறந்து பாரு ராசா" என்று 'மறுபடி தேடு' பொத்தானைத் தட்டினான்.

மெஷினுக்குள் மின்விசிறியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. ஓட்டின்மேல் விழுந்த மழைச் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போலிருந்தது. அறையில் ஒரு வாசனை எழுந்தது. மழை நனைத்த மண்ணின் வாசனை அல்ல. ஆழத்திலிருந்து தோண்டிப் போட்ட மண்ணின் வாசனை.

முதல் ஸ்லாட்: நலம்.

இரண்டாம் ஸ்லாட்: பழையது. முதல் ஸ்லாட்டிலிருந்து நகல் எழுதப்படுகிறது.

சாங் முதல் ஸ்லாட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். காலி. ஆனால் ஜில்லென்றிருந்தது.

அதன் விளக்கு பச்சையாகச் சிமிட்டியது.

மண்ணுக்குள் இருப்பதுதான் சரியானதாம். இங்கே இருப்பது பழசாம். இதை அழித்து, இதன்மேல் அதை எழுதுகிறதாம்.

'நிறுத்து' பொத்தான் அமுங்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தான். அறை இருண்டது, மெஷின் ஓடியது. மின்சாரம் போனாலும் ஒரு படம் போகக் கூடாதென்று துவான் வாங்கி வைத்திருந்த பேட்டரி. அதன் வயரையும் பிடுங்கினான்.

மெஷின் ஓடியது.

திரையில் படங்கள் மாறத் தொடங்கின. துவானின் கல்யாணம். சிவப்பு ஆவ் தாய் அங்கியில் இளம் லியூ. அதே பூங்கொத்து, அதே சிரிப்பு.

கண்கள் மட்டும் மூடியிருந்தன.

"அக்கா, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க..."

பதில் வரவில்லை. லியூ கதவோர ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். கண்கள் மூடி, உதட்டில் படத்தில் இருந்த அதே சிரிப்பு. தோளைப் பிடித்து உலுக்கினான். மூச்சு இருந்தது. விழிப்பு இல்லை.

அடுத்த ஆல்பம். அதற்கடுத்த ஆல்பம். ஒவ்வொரு முகமாகக் கண்ணை மூடிக்கொண்டே வந்தது.

சாங் மனைவிக்குப் போன் போட்டான்.

"டியெம், மீத் என்ன பண்றா?"

"கஞ்சி குடிக்கிறேன்னு என்னைக் குளிப்பாட்டிட்டு இருக்கா. ஏன்?"

"அவளைத் தூங்க விடாத."

"நல்லாருக்கே! அவ தூங்குற நேரம்தாங்க நான் மனுஷியா இருக்கேன்."

"தூங்க விடாத டியெம்." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பாட்டுப் போடு, கிள்ளி விடு, என்ன வேணா பண்ணு."

"இதோ, வாயில ஸ்பூனோட கண்ணை மூடிட்டா." சின்னச் சிரிப்பு. பிறகு, "மீத்? ஏய்... ஏங்க, எழுப்ப எழுப்ப எந்திரிக்க மாட்டேங்குறா."

திரையில் பலாப்பழம் போன்ற முகம். மூடிய இமைகள்.

சாங் இரண்டாம் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். தகடு வளைந்தது. விரல் கிழிந்தது. டிஸ்க் கையோடு வந்துவிட்டது.

இரண்டாம் ஸ்லாட்: அகற்றப்பட்டது.

மெஷின் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. அதே நேரம் போனில் டியெம் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "முழிச்சுட்டாங்க! முழிச்சுட்டா!"

அவன் ஸ்டூல் பக்கம் திரும்பினான். லியூ அக்கா இன்னும் விழிக்கவில்லை.

அப்போது திரையில் இன்னொரு வரி வந்தது. இரண்டே ஸ்லாட் உள்ள மெஷினில்.

மூன்றாவது: புதியது. காலியாக இருக்கிறது. நகல் எழுதப்படுகிறது.

சாங் போனைக் காதோடு அழுத்தினான்.

"டியெம்... மீத் என்ன பண்றா?"

"உக்காந்திருக்கா. ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு என்னையே பாக்குறா." டியெமின் குரல் இறங்கி வந்தது. "ஏங்க... ஜன்னல் வெளிச்சத்துக்குத் தள்ளி நில்லுன்னு எனக்குக் கை காட்டுறா."