அக்கா போட்ட காபி

டம்ளர் சுவரில் மோதி உருண்டது. பாதிக் காபி தரையில், பாதி அவள் புடவையில்.

“உன் கையால எதுவும் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? அக்கா எங்கே? அக்காவைக் கூப்பிடு!” கட்டிலிலிருந்து கணவர் கத்தினார்.

அவள் குனிந்து தரையைத் துடைத்தாள். தினமும் காபி போடுவது அவள்தான். ஆனால் கட்டில் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணி, கணவருடைய அக்கா. இன்று அண்ணிக்கு முழங்கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. ஆறிப்போகுமே என்று இவளே எடுத்து வந்துவிட்டாள். கட்டிய புருஷனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்க வழியில்லாத பிழைப்பும் ஒரு பிழைப்பா!

“நான் கட்டை மாதிரி கெடந்தப்போ எட்டிப் பாத்தியா நீ? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!”

ஞாபகம்... அந்த வார்த்தையைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்றே அவளுக்குத் தெரிவதில்லை.

லாரி கவிழ்ந்து தலையில் அடிபட்டு, பேச்சும் நினைவும் போய்க் கிடந்தவர் அவர். மண்டைக்குள் நகக்கண் அளவில் ஒரு கருவியை வைத்தார்கள். தானே கற்றுக்கொண்டு, மூளையில் விட்டுப்போன இடங்களையெல்லாம் அது நிரப்பிவிடும் என்றார்கள். ஆனால் அது கற்றுக்கொள்ளும் வரை ஒரே ஒருவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். இன்னொரு குரல் கேட்டால் குழம்பிப் போகுமாம்.

“சின்ன வயசுலேர்ந்து அவரை வளத்தது நீங்க. நீங்களே உக்காருங்க அண்ணி” என்று இடத்தை விட்டுக் கொடுத்தவள் இவள்தான். அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனாள். அவர் கண்ணயர்ந்ததும் மேலே வந்து, சத்தமில்லாமல் கால் பிடித்துவிட்டுப் போவாள். நடக்கப் பழக்கியபோதுகூட அவள்தான் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை. அவர் பிழைத்து எழுந்து தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று இருந்தாள். அந்த ஒன்றுதான் நடக்கவில்லை.

மத்தியானம், கருவியைச் சோதிக்கும் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தாள். பக்கத்து அறையில் அண்ணி படுத்திருந்தாள்; கதவு திறந்தேதான் இருந்தது.

“முதல்முதல்ல எழுந்து நடந்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? அக்கா பின்னால நின்னு பிடிச்சுக்கிட்டா. விழவே விடல.”

“கல்யாணமான புதுசுல ஏதாவது...?”

அவர் முகம் மலர்ந்தது. “நீலத்துல ஒரு புடவை வாங்கினேன்... அக்காவுக்கு. கட்டிக்கிட்டு வந்து நின்னப்போ வீடே நெறஞ்ச மாதிரி இருந்துச்சு.”

வெளுத்துப்போன அதே நீலப் புடவையில், காபிக் கறையோடு, அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்படித்தான் தாங்கினாளோ!

சமையலறைக்கு வந்த டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“விட்டுப்போன இடத்தையெல்லாம் அது தனக்குப் பழகின ஆளை வச்சு நிரப்பியிருக்கும்மா. இப்போ எது கருவி, எது அவரோட மூளைன்னு எங்களாலேயே பிரிக்க முடியாது. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஆனா பழையபடி படுக்கைதான். மறுபடி எழுந்திருப்பாரான்னு... சொல்ல முடியாது.”

“வேண்டாம் டாக்டர்” என்றாள் அவள் உடனே. “நடக்கிறாரு, பேசுறாரு. யாரையோ நெனச்சு சிரிக்கவும் சிரிக்கிறாரு. இருந்துட்டுப் போகட்டும்.”

டாக்டரம்மா போனதும், சுவரைப் பிடித்துக்கொண்டே அண்ணி வந்தாள்.

“நான்தாண்டி பாவி! ‘உன் பொண்டாட்டி எட்டிக்கூடப் பாக்கல’ன்னு ஒருநாள் வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தானே... நீ வந்துட்டா என்னை மறந்துடுவானோன்னு பயம்! ஆனா மத்ததெல்லாம் நான் சொல்லல, சத்தியமா சொல்லல. அந்தப் புடவை எப்படி எனக்காச்சுன்னு எனக்கே தெரியாது!”

“அழாதீங்க அண்ணி...”

“அவன் ஒவ்வொண்ணையும் நான் செஞ்சதாச் சொல்லச் சொல்ல, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். நீ என்னை நாலு வார்த்தை திட்டேண்டி!”

அவள் திட்டவில்லை. அண்ணியைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதது அன்றுதான். அடுத்த நிமிஷமே, வலிக்கிற காலோடு அண்ணி அவளைத் தம்பியின் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். கால் பிடித்தது யார், நடக்கப் பழக்கியது யார், காபி போடுவது யார், புடவை யாருடையது... ஒன்றையும் விடவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கியது. மனைவி ஓரடி முன்னால் வந்து நின்றாள். இதோ, இப்போது கூப்பிட்டுவிடுவார்...!

“பாத்தியா?” என்று மனைவியின் பக்கம் திரும்பினார். “எங்க அக்கா இப்படித்தான். செஞ்சதைத் தன் வாயால சொல்லிக்கவே மாட்டா. உன் மேல பழி வரக்கூடாதுன்னு எப்படிப் பொய் சொல்றா பாரு! இந்த மனசு உனக்கு வருமா?”

“அடேய்! பொய் இல்லடா! நான் கெட்டவடா!” அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துத் தடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் பால் பொங்கியது. காபியைக் கலந்து அண்ணியிடம் நீட்டினாள்.

“நான் கொண்டுபோக மாட்டேன்” என்றாள் அண்ணி. “அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

அவளே எடுத்துக்கொண்டு போனாள். காலையில்போலவே அவர் கை டம்ளரைத் தட்டிவிட உயர்ந்தது.

“அக்கா போட்டதுங்க” என்றாள் முந்திக்கொண்டு. “கால் வலின்னு என்கிட்ட குடுத்துவிட்டாங்க.”

கை இறங்கியது. வாங்கி, ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

“அக்கா கை, அக்கா கைதான்!”

“ஆமாங்க.”

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் நின்றாள். காலி டம்ளரைக் கொடுக்கும்போது அவர் விரல் அவள் விரலில் பட்டுவிட்டது. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து அவர் விரலைத் துடைத்துக்கொண்டார்.