ஒன்பது விநாடிக் கூட்டம்

ஆவாரம்பேரி பேரூராட்சியின் மாதாந்தரக் கூட்டம் காலை பதினொரு மணிக்குத் தொடங்கி, பதினொரு மணி ஒன்பது விநாடிக்கு முடிந்தது. அந்த ஒன்பது விநாடிகளில் ஊரின் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வாக்காளர்களும் பேசி, மறுத்துப் பேசி, விட்டுக்கொடுத்து, பன்னிரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கூட்ட அரங்கில் இல்லை.

பேசியவை அவர்களுடைய பதிலிகள். பதிலிச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் காதில் மிளகளவு செவிமணி ஒன்றைப் போட்டிருந்தார்கள். அவர்கள் கேட்பது, சலித்துக்கொள்வது, தெருவில் நின்று திட்டுவது எல்லாவற்றையும் மாதம் முழுக்க அது கவனிக்கும். அதிலிருந்து அந்த ஆளுக்கு உள்ளபடியே என்ன வேண்டும் என்று ஒரு பதிலி கற்றுக்கொள்ளும். கூட்ட நாளன்று பேரூராட்சி அலுவலகத்திலுள்ள மன்றப்பெட்டிக்குள் எல்லாப் பதிலிகளும் கூடி விவாதிக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கும், மஸ்கட்டில் வேலை பார்ப்பவருக்கும், தொண்டை கிழியக் கத்துபவருக்கும் அங்கே ஒரே அளவு குரல்தான்.

ஊர் இதனால் கெட்டுப்போகவில்லை. குடிநீர் நேரத்துக்கு வந்தது. சாக்கடை அடைத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் நாற்காலிகள் பறந்த காலம் ஒன்று இருந்ததாம். இப்போது அங்கே நாற்காலிகளே இல்லை.

செய்தி வந்தபோது உலகம்மாள் செவ்வாய்ச் சந்தையில் நெத்திலிக் கருவாட்டை அளந்துகொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது, இருபது வருடமாக அதே இடத்தில் கடை. சந்தை வாசலில் இருந்த அறிவிப்புப் பலகை ஒளிர்ந்தது. எப்போதும் யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அன்று காய்கறிக் கடைக்காரர் ஒருவர் சத்தம் போட்டு வாசித்தார்.

“தீர்மானம் எண் ஏழு. செவ்வாய்ச் சந்தை அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும். சந்தைத் திடல், சரக்கோடு பறந்து வரும் வான்லாரிகள் இறங்கும் தளமாக மாற்றப்படும். ஆதரவு இரண்டாயிரத்து இருநூற்று மூன்று. எதிர்ப்பு அறுநூற்று ஒன்பது.”

உலகம்மாள் தராசைக் கீழே வைத்தாள். கை கழுவக்கூட நிற்காமல் நேரே பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

செயல் அலுவலர் ஞானசெல்வம் இளைஞர். பொறுமைசாலி. அந்த அலுவலகத்தில் அவர் சேர்ந்து நான்கு வருடம். தீர்மானத்தைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் படியேறி வருவது இதுதான் முதல் தடவை. கருவாட்டு வாசனையைப் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

“இது என்ன அநியாயம் சார்? வாரப்ப வழியில பதினஞ்சு பேரக் கேட்டுட்டு வாரேன். ஒருத்தர்கூட சந்தை வேண்டாம்னு சொல்லல. பொறவு எவன் போட்டான் இந்த ரெண்டாயிரம் ஓட்ட?”

“அவங்க பதிலிங்கதான்க்கா. வாயில சொல்றது வேற, மனசுல இருக்கறது வேறன்னு சட்டம் போட்டப்பவே சொல்லித்தான் போட்டாங்க. அதுக்காகத்தான் பதிலியே.”

“அப்போ எல்லாரும் எங்கிட்ட பொய் சொல்லுதாவளா?”

ஞானசெல்வம் ரேகைக் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். “மத்தவங்க ஓட்டக் காட்ட எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுது வேணும்னா காட்டலாம். விரலை இதுல வைங்க.”

அவள் வைத்தாள். திரையில் பன்னிரண்டு வரிகள் வந்தன. ஏழாவது வரிக்கு எதிரே, ஆதரவு என்று இருந்தது.

உலகம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால், ஒவ்வொரு செவ்வாயும் ஓலைப்பெட்டிகளைத் தலையில் தூக்கும்போது முழங்கால் கடுக்க, ‘இந்தச் சந்தை எப்பத்தான் ஒழியுமோ’ என்று அவள் முனகியது ஞாபகம் வந்தது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வருடக்கணக்காக. பக்கத்தில் கேட்க யாரும் இல்லை என்றுதான் முனகினாள்.

“இது வெளிய யாருக்கும் தெரியாதுல்லா?”

“தெரியாது.”

“இதுக்கு ஒரு வழியும் கெடையாதா?”

ஞானசெல்வம் சட்டப் புத்தகத்தைத் திரையில் புரட்டினார். முப்பத்தோராம் பிரிவு. ஒரு தீர்மானத்தை ஊரில் பத்தில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டு எதிர்த்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் மன்றப்பெட்டி மூடப்பட வேண்டும். ஊரார் நேரில் கூடி, வாயால் பேசி, கைதூக்கி முடிவெடுக்க வேண்டும். அதுவே இறுதி. தமிழ்நாட்டில் எங்கும் யாரும் இதுவரை பயன்படுத்தாத பிரிவு அது.

“இருநூத்தி எண்பத்திரண்டு பேர் வேணும்க்கா. முப்பது நாளுக்குள்ள.”

முதல் வாரம் முப்பது கையெழுத்து தேறவில்லை. ‘அதான் பதிலி பாத்துக்கிடுதே’ என்றார்கள். பிறகு உலகம்மாள் பேச்சை மாற்றினாள். சந்தையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, “ஊர்க்கூட்டம் போடப் போறோம், வாரியளா? நெசமான கூட்டம். மைக்கு வச்சு” என்றாள். அது பற்றிக்கொண்டது. கூட்டத்தையே பார்த்திராத கல்லூரிப் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார்கள். பழைய தகராறுகள் ஞாபகம் வந்த பெரியவர்கள், ‘அவன் வாரானா? அப்ப நானும் வாரேன்’ என்றார்கள். இருபத்தாறாம் நாள் கணக்கு முந்நூறைத் தாண்டியது.

கூட்டம் எப்படி நடத்துவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பேரூராட்சித் தலைவர் சிவனணைந்தபெருமாள், ஒன்பது வருடமாகத் தீர்மானங்களில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லாத மனிதர், பழைய நடவடிக்கைப் புத்தகத்தைத் தேடி எடுத்து வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். ஒலிபெருக்கி பக்கத்து ஊரில் வாடகைக்குக் கிடைத்தது. நாற்காலிகளைக் கல்யாண மண்டபத்திலிருந்து இறக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. சந்தைத் திடலில் நானூறு பேரை எதிர்பார்த்தார்கள். ஆயிரத்து முந்நூறு பேர் வந்தார்கள். சுண்டல்காரரும் ஐஸ்காரரும் யாரும் சொல்லாமலே வந்து சேர்ந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, “பெரியோர்களே, தாய்மார்களே” என்றதும், அந்த இரண்டு வார்த்தைக்கே கூட்டம் கைதட்டியது. அவர் மிரண்டு போய்த் திரும்பவும் அதையே சொன்னார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம். யாரும் மூன்று நிமிடத்தில் முடிக்கவில்லை. ஒருவர் சந்தையைப் பற்றிப் பேச ஏறி, தன் வீட்டு முன்னால் நிற்கும் புளியமரத்தில் இறங்கினார். இரண்டு பங்காளிகள் மைக்கைப் பிடித்து இழுத்தார்கள். வான்லாரி வந்தால் வேலை கிடைக்கும் என்று ஓர் இளைஞன் நன்றாகவே பேசினான். உலகம்மாளின் முறை வந்தது. மைக்கில் பேசிப் பழக்கமில்லை. சந்தையில் கூவிய தொண்டை காப்பாற்றியது. சந்தை போனால் என்னவெல்லாம் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

அப்போது முன்வரிசையில் மைதீன் பாத்து எழுந்தாள். விதைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; எதையும் நேருக்கு நேர் கேட்கிற பெண்.

“எல்லாம் சரிதான் உலகம்மா மைனி. ஒன்னு மட்டும் கேக்கேன். ஒங்க பதிலி என்ன ஓட்டுப் போட்டுச்சு?”

உலகம்மாள் ஞானசெல்வத்தைப் பார்த்தாள். அவர் வாய் திறக்கமாட்டார் என்று தெரியும். எதிர்த்துப் போட்டது என்று சொன்னால் முடிந்தது, கேட்பாரில்லை. நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது.

“மூடணும்னுதான் போட்டுச்சு” என்றாள்.

ஒரு சலசலப்பு எழுந்தது. அவள் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பொய் சொல்லல. எம் பதிலியும் பொய் சொல்லல. முட்டு வலிக்குன்னு வாராவாரம் நாந்தான் சலிச்சிருக்கேன். அது கேட்டுருக்கு. ஆனா சந்தைய மூடப் போறாவன்னு கேட்டதும் தராசப் போட்டுட்டு ஓடுனேனே, அதுவும் நாந்தான். அது கேக்கதுக்கு முன்னால ஓட்டு முடிஞ்சு போச்சு. நீங்க யாரும் எங்கிட்டச் சொல்லாண்டாம். ஆனா ஒங்க ஓட்டும் அதான், எனக்குத் தெரியும்.”

பிறகு பின்வரிசையில் ஒருவர், “எம் பதிலியும்தான்” என்றார். எங்கோ ஒரு சிரிப்பு. “என்னுதும்.” “எங்க வீட்டுல நாலு பேரும்.” பாவமன்னிப்புக் கேட்க வரிசையில் நின்றதுபோல் ஒவ்வொருவராகச் சொல்ல, சிரிப்பு திடல் முழுக்கப் பரவியது. மைதீன் பாத்தும் சிரித்தாள்.

“எனக்குச் சந்தை பிடிக்கும் மைனி. ஆனா செவ்வாக்கெழம காலையில நான் ஆலையில நிக்கேன். ஒருநாளும் வர முடியல. நமக்கு எதுக்கு இதுன்னு இருந்துட்டேன்” என்றாள்.

“அப்ப எப்ப வருவ?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“சனிக்கெழம சாயங்காலம்னா குடும்பத்தோட வருவேன்.”

“சனிக்கெழமயா!” என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. சனிக்கிழமை மாலைச் சந்தை. வெயில் இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் வரலாம். காலையில் திடல் சும்மா கிடக்கும். மற்ற ஆறு நாளும் அந்தக் காலையிலும் வான்லாரி இறங்கிக்கொள்ளட்டுமே! வேலை கேட்ட இளைஞன் நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். லாரியில் வரும் ஆட்களைக் கொண்டு கருவாட்டுப் பெட்டிகளை இறக்கித் தரலாம், யாருக்கும் முட்டு வலிக்காது என்றான்.

ஞானசெல்வம் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மன்றப்பெட்டிக்குள் இரண்டாயிரத்து எண்ணூறு பதிலிகள் ஒன்பது விநாடி விவாதித்தும் இந்த யோசனை வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அது அதுவரை யாருடைய மனதிலும் இருக்கவில்லை. ஒருத்தி கேட்டு இன்னொருத்தி பதில் சொன்ன அந்த இடைவெளியில்தான் அது பிறந்தது.

ஆயிரத்து முந்நூறு கைகளும் உயர்ந்தன. எண்ணத் தேவைப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் உலகம்மாளின் கருவாடு ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்தது. ஆனால் அதைவிட, ஊர் முழுக்கப் பேச்சு அந்தக் கூட்டத்தைப் பற்றியேதான் இருந்தது. டீக்கடையில் தலைவரின் ‘பெரியோர்களே தாய்மார்களே’யைச் சொல்லிக் காட்டினார்கள். பங்காளிகள் மைக்குக்குச் சண்டை போட்டதை அவர்களே நடித்துக் காட்டினார்கள். மாதாமாதம் இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று ஒரு மனுவே வந்தது. ஞானசெல்வம் வருத்தத்தோடு திருப்பி அனுப்பினார். சும்மா ஆசைப்பட்டு நேரில் கூடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. எதிர்க்க ஒரு தீர்மானம் இருந்தால்தான் முப்பத்தோராம் பிரிவு.

மறுமாதம் மன்றப்பெட்டி கூடியது. இம்முறை நான்கே விநாடி.

அறிவிப்புப் பலகை ஒளிர்ந்ததும் ஊர் மொத்தமும் ஓடிவந்து பார்த்தது. தீர்மானம் எண் மூன்று: ஆவாரம்பேரி என்னும் ஊர்ப்பெயர் நீக்கப்பட்டு, இனி ‘இறங்குதளம் நாற்பத்தொன்று’ என வழங்கப்படும். ஆதரவு இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பு இல்லை.

கால் மணி நேரத்தில் அலுவலக வாசலில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் முகம் கொதித்தது, கண்கள் மின்னின.

“ஊர் பேரையே மாத்துறாவளாம், என்ன சார் இது?”

ஞானசெல்வம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழ நோக்கக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கும்க்கா. யாரும் படிக்கறதில்ல. நானும் இன்னைக்குத்தான் படிச்சேன்.” திரையை அவள் பக்கம் திருப்பினார்.

‘கடந்த முப்பது நாட்களில் இவ்வூரார் மிகுதியாகப் பேசியதும் மிகுதியாக விரும்பியதும் நேர்முகக் கூட்டத்தையே. சட்டப்படி அதற்கு, ஊரார் எதிர்க்கக்கூடிய தீர்மானம் ஒன்று தேவை. யாருக்கும் இழப்பு நேராதபடியும், எல்லாருக்கும் கோபம் வரும்படியும் இது தேர்ந்தெடுக்கப்பட்டது. அடுத்த பதினோரு மாதங்களுக்கான தீர்மானங்களும் ஆயத்தமாக உள்ளன.’

உலகம்மாள் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “எம் பதிலியுமா?”

“எல்லாரோடதும். ஒண்ணு பாக்கியில்லாம.”

வெளியே யாரோ கோஷம் போட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலைவர் படிக்கட்டில் நின்று ஒரு தாளை வைத்துக்கொண்டு வாய்க்குள் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். மைதீன் பாத்து ஆலை உடுப்போடேயே ஓடி வந்திருந்தாள். போன கூட்டத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

“நான் வெளிய போய் இத வாசிச்சா எல்லாரும் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க” என்றார் ஞானசெல்வம். “கூட்டமும் இருக்காது. வாசிக்கலன்னா... நம்மள யாரு நடத்தறாங்கன்னு தெரியாமலே நாம கூட்டம் நடத்திட்டு இருப்போம். என்ன செய்யட்டும்க்கா? நீங்க சொல்லுங்க.”

உலகம்மாள் திரையைத் திரும்பவும் பார்த்தாள். கூட்டத்தில் உண்மை சொன்னவள் அவள்தான். அந்த ஊரில் அந்தப் பெயர் அவளுக்குத்தான் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். இருநூறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின.

“என்ன மைனி சொல்லுதாவ? நெசமாவே பேர மாத்துறாவளா?” என்று கேட்டாள் மைதீன் பாத்து.

“ஆமா!” என்று அவள் கத்தினாள். முதல் வார்த்தை நடிப்பாகத்தான் வந்தது. இரண்டாவது வார்த்தையிலேயே நிஜமான கோபம் பொங்கியது. “நாம பொறந்த ஊருக்கு நம்பர் போடுதாவளாம்! விட்டுருவோமா?”

விடமாட்டோம் என்று தெரு அதிர்ந்தது. இருநூற்று எண்பத்திரண்டு கையெழுத்துக்கு அன்று அரை மணி நேரம்கூட ஆகவில்லை.